டவர் காலடியில் நின்றவள்

ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் கண் திறந்து வைத்த மனிதர், கட்டிய பெண்டாட்டியை ஒரு படம் எடுக்கவில்லை. செஞ்சி கூட்டுரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியதம்பிக்கு இது இருபது வருஷத்து ஆத்திரம். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழ் பார்க்கும்போதும் அதே நினைப்பு, சோற்றில் கை வைக்கும்போதும் அதே நினைப்பு. அக்கா சின்னப்பொண்ணு செத்த அன்றைக்கு அவள் புருஷன், போட்டோக்காரர் கன்னியப்பன், கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அதைப் பெரியதம்பி தன் கண்ணால் பார்த்தான்.

செத்தவரைப் படம் எடுப்பது அந்தப் பக்கத்தில் அப்போது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, தாடையைச் சேர்த்துக் கட்டி, நாற்காலியில் உட்கார வைப்பார்கள். சாய்ந்து விழாமல் இருக்க மாலைக்கு உள்ளே ஒரு வேட்டியால் நெஞ்சைச் சுற்றிக் கட்டுவார்கள். பிள்ளை குட்டி எல்லாம் சுற்றி நிற்கும். கன்னியப்பன் எடுப்பார். படத்தைக் கழுவிய பிறகு மெல்லிய பிரஷ்ஷைப் பிடித்து மூடிய இமைமேல் கண் வரைவார். காரியத்துக்கு முன்னால் செத்தவர் அவரவர் வீட்டுச் சுவரிலிருந்து முழித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் அவர் கண் வரையாத வீடு குறைவு.

அன்றைக்கும் நாற்காலி போட்டாகிவிட்டது. பெண்கள் சின்னப்பொண்ணுக்குத் தலை சீவிப் பூ வைத்துவிட்டார்கள்.

"மாமா, நேரம் ஆவுது. பெட்டிய எடு."

"வேணாம் மச்சான்."

"இன்னா வேணாம்? போறவன் வர்றவனுக்கெல்லாம் எடுத்த. எங்கக்காவுக்கு எடுக்க மட்டும் ஒனக்குக் கை வரலியா?"

"எடுக்க மாட்டேன். நாற்காலியத் தூக்குங்க."

பெரியதம்பி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். மேளம் நின்றுபோனது. பிணத்தின் எதிரில் மாமனும் மச்சானும் கட்டிப் புரண்டதை ஊரே பார்த்தது. அக்கா பெண் மஞ்சு, பேச்சு வராத வயசு, பெரியதம்பியின் மனைவி தைலம்மாள் இடுப்பில் உட்கார்ந்து பிஸ்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தது. அதற்கு அம்மா முகம் அதோடு சரி.

அன்றிலிருந்து பெரியதம்பி அவரிடம் நேராகப் பேசியதில்லை. ஆனால் அக்கா பெண்ணை விட முடியுமா? வாரத்துக்கு ஒரு நடை போவான். கன்னியப்பன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "மஞ்சு, உங்க நைனாகிட்ட சொல்லு, கூரையில ஓடு நவுந்து இருக்குதுன்னு" என்பான். அவரும், "மஞ்சு, உங்க மாமாகிட்ட சொல்லு, பாத்துட்டேன்னு" என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெண் பேச்சுப் பழகியதே இப்படித்தான் என்று தைலம்மாள் சொல்லிச் சிரிப்பாள்.

கன்னியப்பன் அனந்தபுரத்துக் கூலிக்காரர் மகன். திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோவில் தரை கூட்டப் போய், இருட்டறைக்குள் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டவர். பழைய கேமரா ஒன்றோடு செஞ்சிக்கு வந்து திருவண்ணாமலை ரோட்டில் கடை போட்டார். கேமரா கழுத்தில் தொங்கினால் எந்தத் தெருவும் அவரைத் தடுக்காது. கூடம் வரைக்கும் கூட்டிப் போவார்கள். கேமரா இல்லாத நாளில் அதே வீட்டுக்காரர் அதே மனிதரை வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்புவார். இதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டதில்லை. கேமராவைக் கழற்றாமல் இருக்கப் பழகிக்கொண்டார், அவ்வளவுதான்.

கல்யாணம் மேல்மலையனூர் கோயிலில் நடந்தது. ஊரிலுள்ள போட்டோக்காரரே மாப்பிள்ளையாகிவிட்டால் படம் யார் எடுப்பது? கூட்டாளி ஆதிமூலத்திடம் கேமராவைக் கொடுத்து, எங்கே அமுக்குவது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். ரோலை மாட்டியது அவரேதான். மாலையும் கழுத்துமாக, பின்னாலிருந்து சொந்தக்காரன் "தாலி கட்டற நேரத்துல இன்னா நோண்டற?" என்று கத்த, அவசரத்தில் மாட்டினார். பிலிம் முனையைச் சக்கரப் பல் கவ்வவில்லை. சக்கரம் சுற்றியது, பிலிம் நகரவில்லை. ஆதிமூலம் அமுக்கிக்கொண்டே இருந்தான், எல்லாரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள், கழுவினால் முழு ரோலும் வெறுமை. ஊருக்கெல்லாம் கல்யாணப் படம் எடுத்தவருக்குக் கல்யாணப் படம் இல்லை. "பரவால்ல வுடு, நான் எங்க போயிடப் போறேன்? அப்புறம் எடுத்துக்கலாம்" என்றாளாம் சின்னப்பொண்ணு. ஓட்டு அட்டையில் மட்டும் அவள் படம் ஒன்று இருந்தது. அதில் தெரிவது முகமா, தோசைக்கல்லின் அடிப்பக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது.

டவர் வேலை வந்தது அதற்குப் பிறகுதான். கிழக்கே எங்கேயோ இருந்து ஹைடென்ஷன் லைன் ஒன்று செஞ்சிப் பக்கமாக வந்தது. மண்டகப்பட்டு, தளவானூர் என்று வயல்களுக்கு நடுவிலும் பாறைக் குவியல்களுக்கு நடுவிலும் நாலு கால் டவர்கள் முளைத்தன. ஒவ்வொரு டவரும் முடிந்ததும் அதைப் படம் எடுத்துத் தர உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டுமென்று வேலை எடுத்தவர்கள் கன்னியப்பனைப் பிடித்தார்கள். பிரிண்ட் அவர்களுக்கு, நெகட்டிவ் இவருக்கு. இன்ஜினியர் போட்ட கட்டளை இரண்டே இரண்டு. டவர் தலையிலிருந்து கால்வரை முழுசாக வரவேண்டும், தலை வெட்டுப்படக் கூடாது. உயரம் தெரிவதற்காக, டவர் நம்பர் எழுதிய சிலேட்டைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் காலடியில் நிற்கவேண்டும்.

கம்பி இழுக்க வந்த வடக்கத்திப் பையன்கள் வேலையை விட்டுவிட்டுச் சிலேட்டு பிடிக்க வருவார்களா? சின்னப்பொண்ணுதான் வந்தாள். டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மடியில் சிலேட்டும் சாக்பீஸும் ஒரு தூக்கு கஞ்சியுமாக ஊர் ஊராகப் போனாள். வண்டி போகாத இடத்தில் வரப்பில் நடந்தாள். வேர்க்கடலைக் காட்டில், கரும்புக் காட்டில், ஏரிக் கரையில், ஒவ்வொரு டவரின் இடது காலடியிலும் போய் நின்றாள். கன்னியப்பன் டவர் முழுசும் அடங்குகிற தூரத்துக்குப் பின்னால் போய்க்கொண்டே இருப்பார். அங்கிருந்து பார்த்தால் டவர் பெரிய ராட்சசன் மாதிரி நிற்கும். அவள் எள் அளவு.

பெரியதம்பியும் ஒரு நாள் அவர்களோடு போனான். அப்போது அவன் லாரி கிளீனர். "யக்கா, கரண்டுக் கம்பிக்குக் காவலா நீ?" என்று கேட்டான். "ஆமாண்டா, ஒன்ன மாதிரி திருட்டுப் பய எவனாவது கம்பி அறுக்க வந்தா அடிக்கத்தான் சிலேட்டு வெச்சிருக்கேன்" என்று அவன் மண்டையில் தட்டினாள். சாக்பீஸ் தூள் முடியெல்லாம் ஒட்டிக்கொண்டது.

லைன் முடிந்து கரண்ட் ஓட ஆரம்பித்த பிறகு, ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று இருந்துவிட்டார்கள். முற்றியபின் புதுச்சேரிக்குக் கொண்டு போகும்போது திண்டிவனம் தாண்டவில்லை.

அதன்பிறகு கன்னியப்பன் செத்தவரைப் படம் எடுக்கப் போவதை விட்டுவிட்டார். கண் வரையும் பிரஷ்ஷையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். கடையில் பாஸ்போர்ட் அளவு படம், ஜெராக்ஸ், அவ்வளவுதான். ஆனால் டவர்களை விடவில்லை. கேட்பாரில்லை, வாங்குவாரில்லை. வாரத்தில் ஒரு நாளாவது கடையைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது ஒரு டவரைத் தேடிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். வெளியூர்க்காரன் எல்லாம் மலையைப் பார்த்து, கோட்டையைப் பார்த்துக் கேமராவைத் தூக்குவான். இந்த ஆள் கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பியைப் பார்த்து நிற்பார். ஊர் அவருக்குக் 'கம்பிக்காரர்' என்று பெயர் வைத்தது. டீக்கடையில், "நம்ம கம்பிக்காரரு டவருக்குப் பொண்ணு பாக்கறாரு போல, இத்தினி போட்டோ எடுக்கறாரு" என்று சிரித்தார்கள். பெரியதம்பி சிரிக்கவில்லை. இரும்புக்கு எடுக்கத் தெரிந்த கைக்கு என் அக்காவுக்கு எடுக்கத் தெரியவில்லையே என்று வயிறு எரிந்தான். மண்டகப்பட்டு வழியில் ஒருமுறை அவரை ஒரு டவர் எதிரில் பார்த்தான். வண்டியை நிறுத்திக் காறித் துப்பிவிட்டுப் போனான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் பொங்கல் கழித்து கன்னியப்பனுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. புதுச்சேரியில் திறந்து பார்த்தார்கள், மூடிவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப்போய் விருப்பப்பட்டதைக் கொடுங்கள் என்றார்கள். மஞ்சு செஞ்சியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். நைனா கண்ணுக்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அவளுக்கு அவசரமாக மாப்பிள்ளை பேசி வைகாசியில் நாள் குறித்தார்கள்.

கல்யாணம் என்றால் அதற்கு முன்னால் பூவாடைக்காரியைக் கும்பிட வேண்டும். புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாய்ப் போய்ச் சேர்ந்த பெண்தான் அந்த வீட்டுப் பூவாடைக்காரி. கிணற்றடியிலிருந்து சொம்பில் அவளை அழைத்து வந்து, புதுப்புடவை வைத்து, பூ வைத்து, படையல் போட்டு உத்தரவு கேட்பார்கள். முன்பெல்லாம் சொம்பும் புடவையும் போதும். இப்போது எல்லார் வீட்டிலும் படம் வைக்கிறார்கள்.

மஞ்சு பஞ்சர் கடைக்கு வந்தாள். ஜாக்கிக்குப் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்து அதன் பட்டையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா கொழந்த? மாப்ள வூட்ல ஏதாச்சும் சொன்னாங்களா?"

"அதில்ல மாமா. பூவாடைக்காரிக்குப் படம் கேக்கறாங்க. எங்கம்மா எப்பிடி இருக்கும் மாமா?"

"எப்பிடி இருக்கும்… ஒன்ன மாதிரிதான்."

"எல்லாரும் அதான் சொல்றீங்க. என் கூட வேல செய்யற பொண்ணு அவங்க அம்மா மூஞ்சிய நெனச்சா அழுவும். எனக்கு எத நெனச்சி அழறதுன்னே தெரில. கல்யாணத்தன்னிக்காவது ஒரு வாட்டி மூஞ்சியப் பாத்துட்டா போதும் மாமா."

பெரியதம்பி கையிலிருந்த லீவரைக் கீழே போட்டான். "உங்க நைனாகிட்ட கேளு. அந்த ஆளுதான…" என்று ஆரம்பித்தவன் அந்தப் பெண் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மஞ்சுதான் வழி சொன்னாள். நைனாவின் தகரப் பெட்டியில் பழைய டவர் நெகட்டிவ் எல்லாம் அப்படியே இருக்கிறது. அதில் அம்மா சிலேட்டோடு நிற்கும் படங்கள் இருக்கும். சின்னதாக இருந்தால் என்ன, இப்போதுதான் எதையும் பெரிசாக்கலாமே. பெட்டியைக் கேட்டபோது கன்னியப்பன் கட்டிலில் படுத்தபடி சாவியை நீட்டினார். அரைஞாண் கயிறு அவர் இடுப்பில் லொடலொடவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிஜிட்டல் ஸ்டுடியோ வைத்திருக்கும் சிவசங்கர் நல்ல பையன். பெரியதம்பியும் மஞ்சுவும் பெட்டியோடு போனதும், வேறு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு நெகட்டிவ்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். திரையில் டவர் எழுந்தது. அடியில், இடது காலோரம், புடவை கட்டிய ஓர் உருவம். மஞ்சு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். சிவசங்கர் பெரிசாக்கினான். புடவை தெரிந்தது, சிலேட்டு தெரிந்தது, சிலேட்டில் நம்பர்கூடத் தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கேழ்வரகு மாவைக் கொட்டின மாதிரி வெறும் புள்ளிகள். இன்னும் பெரிசாக்கினால் புள்ளிதான் பெரிசாகியது. அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாம் அப்படியே.

"அவ்ளோ தூரத்துலருந்து எடுத்திருக்காருண்ணே. பிலிம்லயே முகம் இல்ல" என்றான் சிவசங்கர். மஞ்சு முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணும்னா ஒன்னு செய்லாம். மஞ்சு மூஞ்சிய வெச்சி, உங்க மூஞ்சியும் கொஞ்சம் சேத்துக் குடுத்தா கம்ப்யூட்டரே போட்டுடும். இப்போ எல்லாரும் பண்றாங்க" என்றான்.

கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு பெண் வந்தாள். நெற்றியில் பொட்டு, மூக்குத்தி, இலேசான சிரிப்பு. அழகாகத்தான் இருந்தாள்.

"மாமா, இப்பிடியா இருந்துச்சு அம்மா?"

பெரியதம்பி திரையருகில் குனிந்தான். இது அவள் இல்லை என்று சொல்லத் தோன்றியது. அப்படியானால் அவள் எப்படி? கண்ணை மூடிப் பார்த்தான். அக்காவின் குரல் கேட்டது. மண்டையில் தட்டிய கை தெரிந்தது. வெடித்த குதிகாலும், அதில் அப்பிய செம்மண்ணும் தெரிந்தன. முகம் மட்டும் வரவில்லை. வந்ததெல்லாம் திரையில் சிரிக்கிற அந்தப் பெண்தான். இருபது வருஷமாக அக்காவுக்குப் படம் இல்லை என்று சண்டை போட்டவனுக்கு, எப்போது அவள் முகம் கைவிட்டுப் போனது என்று தெரியவில்லை. பஞ்சர் மாதிரித்தான், எங்கே எப்போது என்று தெரியாமல் காற்று இறங்கியிருந்தது.

"இருக்கும். தோராயமா" என்றான்.

சிவசங்கர் பேச்சை மாற்றுவதற்காக மீதி நெகட்டிவ்களைத் தூக்கிப் பார்த்தான். "இதெல்லாம் அப்புறம் எடுத்தது போலிருக்குது. பெரியவருக்கு வயசானதும் கை தடுமாறிடுச்சோ இன்னாவோ. எல்லாத்துலயும் டவர் தலைய வெட்டிட்டாரு பாருங்க."

பெரியதம்பி குனிந்து பார்த்தான். உண்மைதான். ஒன்றிலும் டவருக்குத் தலை இல்லை, தோள் இல்லை. ஒரே ஒரு கால் மட்டும், சிமெண்டுக் கட்டை மேல், படம் கொள்ளாமல் நின்றது. இடது கால். சுற்றி வேர்க்கடலைச் செடி. அந்தக் காலடியில் யாரும் இல்லை. அடுத்த நெகட்டிவ்விலும் இடது கால், யாரும் இல்லை. அதே பாறை, அதே வரப்பு, பக்கத்தில் போய் எடுத்தது. ஒரு பெண் நின்றால் தலை முதல் பாதம் வரை கச்சிதமாக அடங்குகிற தூரம். அந்த மனிதர் இத்தனை வருஷமும் டவரை எடுக்கவில்லை.

மஞ்சு துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் போட்ட முகத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். கன்னியப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மஞ்சு, உங்க நைனாகிட்ட இத குடுத்து…"

"நான் இன்னா போஸ்ட்மேனா? ரெண்டு பேரும் எதுக்கத்தான உக்காந்திருக்கீங்க. நீயே குடு மாமா" என்று அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

பெரியதம்பி நீட்டினான். அவர் வாங்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்து, தொழில்காரர் பார்க்கிற மாதிரி மூலைக்கு மூலை பார்த்தார்.

"நல்லா வந்திருக்குது. யாரு இது?"

"அக்கா. கம்ப்யூட்டர்ல போட்டது." இருபது வருஷத்தில் அவன் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

கன்னியப்பன் படத்தை மடிமேல் வைத்துக்கொண்டார். "கண்ணு நான் போடற கண்ணு மாதிரியே இருக்குது மச்சான்."

பெரியதம்பி படத்தை எட்டிப் பார்த்தான்.

"எனக்கு ஒரே ஒரு கண்ணுதான் வரையத் தெரியும். திண்டிவனத்துல கத்துக்கினது. கெழவனுக்கும் அதான், கொமரிக்கும் அதான். நீ எந்த வூட்லயாச்சும் போய்ப் பாரு, எல்லாப் பொணமும் ஒரே மாதிரி பாக்கும். அன்னிக்கு அவள எடுத்திருந்தா, கை சும்மா இருக்குமா? வரைஞ்சிருப்பேன். அப்புறம் அந்தக் கண்ணுதான் அவ கண்ணு. ஒனக்கு, எனக்கு, கொழந்தைக்கு, எல்லாருக்கும். அதான் பூட்டிட்டேன்."

"அதுக்காக ஒன்னுமே இல்லாத ஆக்கிட்டியே மாமா. எனக்கே இப்போ மூஞ்சி தெரில."

"ஆமா. அன்னிக்கு அது தோணல. எனக்கு மறக்காது, அது போதும்னு இருந்துட்டேன். கொழந்தைக்கு இன்னா இருக்கும்னு நெனைக்கல. தப்புதான்."

"ஏன் மாமா, ஊர் ஊரா கூட்டினு போனியே, ஒரு நாளாச்சும் கிட்ட வந்து ஒன்னு எடுத்திருக்கக் கூடாதா?"

"வா, எடுக்கறேன்னுதான் சொல்லுவேன். 'வேர்த்து வடியுது, தலை கலைஞ்சி கெடக்குது, இந்தப் புடவையிலயா? வேற ஒரு நாளு நல்ல புடவையா கட்டிகினு வரேன்'னுவா. ஒவ்வொரு டவர்லயும் அதே பேச்சுதான். நானும் சரின்னுட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் அவ சொன்னதக் கேட்டிருக்கக் கூடாது."

மஞ்சு காபித் தம்ளரோடு வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. ஸ்டுடியோவில் எடுத்த இன்னொரு பிரிண்ட்டை அவர் கையில் கொடுத்தாள். தளவானூர் டவர். சின்னப்பொண்ணு இடது காலோரம் நிற்கிறாள். சிலேட்டு நெஞ்சுக்கு நேராக இல்லாமல் முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

"இதுல சிலேட்ட ஏன் நைனா இப்பிடிப் பிடிச்சிருக்குது?"

அவர் பார்த்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. "வவுத்துமேல வெச்சிருக்கா. உள்ள நீதான் இருக்கற. மாசம் நெருக்கம். வராதடின்னா கேக்கல."

"தலைய நீட்டி எதையோ கத்தற மாதிரி இருக்குதே. இன்னா சொல்லுது?"

"'சீக்கிரம் எடுய்யா, இவ ஒதைக்கிறா'ன்னா." பிறகு, "பொண்ணுதான்னு அப்பவே சொல்லிட்டா" என்றார்.

மஞ்சு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எதை நினைத்து அழுவது என்று அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

கம்ப்யூட்டர் போட்ட முகத்தைப் பெரியதம்பி வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அதை வைக்கலாம் என்று பிறகு யாரும் சொல்லவில்லை.

பூவாடைக்காரிப் படையல் அன்று தளவானூர் டவர் சட்டம் போட்டு நடு வீட்டில் நின்றது. முன்னால் புதுப்புடவை, வளையல், பொங்கல், வடை. மேலே மல்லிகைச் சரம்.

"இன்னாடி இது, கரண்டு கம்பத்துக்குப் படையல் போட்டு வெச்சிருக்கீங்க?" என்றாள் கன்னியப்பனின் அண்ணி வள்ளியம்மாள். "கல்யாணத்தன்னிக்குக் கரண்டு போவக் கூடாதுன்னு வேண்டுதலா?"

பெண்கள் சிரித்தார்கள். மஞ்சு சண்டைக்குப் போகவில்லை. "தோ பாரு பெரிம்மா, இங்க" என்று சுண்டுவிரலால் காட்டினாள். வள்ளியம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வரிசையில் வந்து குனிந்து பார்த்தார்கள். "நிக்கறதப் பாரு, அவளேதான். ஒரு கால்ல பாரத்தப் போட்டு நிப்பா" என்றாள் ஒருத்தி. "அந்தப் புடவை நானும் அவளும் ஒன்னா எடுத்தது" என்றாள் இன்னொருத்தி. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. வீட்டில் அவரவருக்குத் தெரிந்த சின்னப்பொண்ணைப் பற்றிப் பேச்சு எழுந்தது.

படத்துக்குப் பொட்டு வைக்க வேண்டும். மஞ்சு விரலைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை ஒடித்து, அதன் நுனியில் குங்குமம் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெற்றிக்குக் கொண்டு போனாள். நெற்றி எங்கே இருக்கிறது? ஈர்க்குச்சி நுனியே அம்மாவின் முகத்தைவிடப் பெரிசாக இருந்தது.

"வேணாம் கொழந்த. மொத்தமும் மறைஞ்சிடும்" என்று பெரியதம்பி அவள் கையைப் பிடித்தான். தாய்மாமன் முறைக்கு அவனே குங்குமத்தைத் தொட்டு, டவரின் இடது காலில், அவள் தோள் உயரத்துக்குப் பக்கத்தில் வைத்தான். கட்டிலில் இருந்தபடி கன்னியப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்பது போலத் தலையை ஆட்டினார்.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. மஞ்சு புருஷன் வீட்டுக்குப் போய் வந்து போய் வந்து இருந்தாள். கன்னியப்பன் ஆடி மாசம் பிறந்து நாலு நாளில் போய்ச் சேர்ந்தார். அவரையும் நாற்காலியில் உட்கார வைக்கவில்லை, யாரும் படம் எடுக்கவில்லை. இந்த முறை சட்டையைப் பிடித்துச் சண்டை போட ஆளில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஆனி கடைசியில், இன்னும் கைத்தாங்கலாக நடக்க முடிந்த ஒரு நாளில், அவர் பெரியதம்பியைக் கூப்பிட்டுவிட்டு, "வண்டி இருக்குதா மச்சான்? தளவானூர் வரைக்கும் போய் வரலாமா?" என்று கேட்டார். பெரியதம்பி தெரிந்தவரின் குட்டியானை வண்டியை வாங்கி, பின்னால் மெத்தை போட்டு, அவரை ஏற்றிப் போனான். மத்தியானம் தாண்டிய வெயில். மேகம் கட்டிக்கொண்டிருந்தது. டவர் எதிரில் வரப்போரமாக வண்டியை நிறுத்தச் சொன்னார். பாறைக்குப் பக்கத்தில், இன்னும் கொஞ்சம் பின்னால், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிச் சொல்லி நிறுத்தினார். கேமராவை இரண்டு கையாலும் பிடித்து வண்டியின் பக்கப் பலகைமேல் ஊன்றிக்கொண்டார்.

"நீ போய் அங்க நில்லு" என்றார்.

"நானா? நான் எதுக்கு மாமா? என் மூஞ்சிக்கு இன்னா கொறச்சல்னு இப்போ படம்?"

"போய் நில்லுடா. உயரம் தெரிய வேணாமா?"

பெரியதம்பி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலைக் கொல்லை வழியே நடந்தான். கிட்டே போகப் போகக் கம்பி இரைச்சல் காதை அடைத்தது. இடது காலின் சிமெண்டுக் கட்டைக்குப் பக்கத்தில் போய், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், திரும்பி நின்றான். தூரத்தில் வண்டிமேல் அவர் கையை ஆட்டுவது தெரிந்தது. என்னவோ சொல்கிறார், கேட்கவில்லை. இன்னும் நேராக நின்றான். அவர் மறுபடியும் கையை ஆட்டினார். அவன் "இன்னா மாமா?" என்று கத்தினான். பதில் இரைச்சலில் கரைந்து போனது. கொல்லையைத் தாண்டித் திரும்ப வண்டிவரைக்கும் நடந்து வந்தான்.

கன்னியப்பனுக்கு மூச்சு இரைத்தது. அவன் தோளைப் பிடித்து இழுத்துக் காதோரம் சொன்னார்.

"அவ இடத்துல ஏறி நிக்காத மச்சான். கொஞ்சம் தள்ளி, பக்கத்துல நில்லு."